மின்னி கதை, ஆளுக்குப் பாதி

சினிமாவுக்குப் போவோம்னு சொன்னதே நாந்தான். புள்ளைய ஊருக்கு அனுப்புததுக்கு முன்னாடி ஒரு தடவையாவது மூணு பேரும் சேந்து உக்காரணும்னு ஒரு ஆசை. அவகிட்ட இன்னும் விஷயத்தச் சொல்லல. படம் முடிஞ்சதும் ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்துச் சொல்லிக்கிடலாம்னு நானும் எங்க வீட்டுக்காரரும் பேசி வச்சிருந்தோம்.

அனுப்பாம என்ன செய்ய? நான் போன் செய்யுத கம்பெனி லைன்ல நிக்கேன், எங்க வீட்டுக்காரவியளுக்கு ஒரகடத்துல கார் பார்ட்ஸ் கம்பெனி. யாராவது ஒருத்தர் புள்ளகூட இருக்கணும்னு, அவியளுக்குக் காலை ஷிஃப்ட், எனக்கு ரெண்டாவது ஷிஃப்ட்னு சூப்பர்வைசர்ட்ட கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வச்சிருந்தோம். இப்ப ரெண்டு கம்பெனிலயும் எல்லாருக்கும் நைட் ஷிஃப்ட் கட்டாயம்னுட்டானுவ. ரெண்டு பேருக்கும் ஒண்ணா நைட் வருத வாரத்துல எட்டு வயசுப் புள்ளைய யாருகிட்ட விட? சங்கரன்கோவில்ல அவிய அக்கா சொர்ணம்மாள் வீட்டுல விட்டு, அங்கனயே பள்ளிக்கூடத்துல சேக்கதுன்னு முடிவு பண்ணிட்டோம்.

ஹவுஸ் ஓனர் கன்னியம்மாக்கா கேக்கத்தான் செஞ்சாவ. "இன்னாத்துக்கும்மா புள்ளைய அம்மாந்தூரம் அனுப்புற? அந்த ராத்திரில எங்க வூட்ல படுத்துக்கட்டுமே!" நான் மூஞ்சில அடிச்ச மாதிரி வேண்டாம்னுட்டேன். நாளைக்கு ஒரு பேச்சு வந்தா சொல்லிக் காட்டுவாவல்லா? நமக்கு அதெல்லாம் ஆவாது.

என்ன படம்னு கேக்கியளா? மின்னி படம். மின்னியும் அவ தம்பியும் ஒரு குண்டுப் பூனையும் பறக்குத படகுல ஏறி, காணாமப் போன அப்பா அம்மாவத் தீவு தீவாத் தேடுத கதை. அந்தக் காலத்துல சக்கைப் போடு போட்ட காமிக்ஸாம். படப்பைல நாங்க குடிவந்த வீட்டுப் பரண்ல கன்னியம்மாக்கா மவன் ஒரு கட்டு விட்டுட்டுப் போயிருந்தான்.

காலைல எம்மவ கலைமதிக்கு இட்லி குடுக்கும்போது நான் கொஞ்சம் படிப்பேன். படுக்கப் போகும்போது அவ அப்பா படிப்பாவ. விட்ட எடத்துல அவ ஹேர்கிளிப்பச் சொருகி வச்சிருப்பா. "இதுக்கு முன்னாடி என்னட்டி ஆச்சு?"ன்னா, "அதெல்லாம் அப்பா பட்ச்சிட்டாரு, நீ மேல படிம்மா"ம்பா. பின்னால புரட்டிப் பாக்க எனக்கு எங்க நேரம்? அவியளும் அப்படித்தான். ஒரே புக்கத்தான் ரெண்டு பேரும் படிச்சோம், ஆனா ரெண்டு பேருக்குமே பாதிக் கதைதான் தெரியும்.

ரெண்டு பேரும் ஒரு நாள் லீவு போட்டோம். தாம்பரத்துல மத்தியான ஷோ. நடுவுல அவ, ரெண்டு பக்கமும் நாங்க. லைட்ட அணைச்சாங்க. அம்மாடி, கடல்னா அப்படி ஒரு கடல்! பழுப்பேறுன தாள்ல கறுப்புக் கோடா நான் பாத்த அலை, ஸ்கிரீன் முழுக்க எந்திரிச்சு வருது. நனைஞ்சிரும்னு காலத் தூக்கி சீட்டுமேல வச்சுக்கிட்டேன்னா பாருங்களேன்! அப்புறம் அந்தப் படகு மெதுவா தண்ணிய விட்டு மேல எந்திரிச்சுது. அடியில சொட்டுச் சொட்டா தண்ணி வடியுது, ஒவ்வொரு சொட்டுலயும் சூரியன் மின்னுது. தியேட்டர்ல ஒரு பய மூச்சுவிடல. நாள் பூரா லென்ஸ் வழியா பொடிப்பொடி பார்ட்ஸா பாத்துப் பூத்துப்போன கண்ணு எனக்கு. அதுக்கு இம்புட்டுப் பெரிசா ஒண்ணக் காட்டுனா தாங்குமா? அழுதுட்டேன். எங்க வீட்டுக்காரரு தொறந்த வாய மூடல.

அப்புறந்தான் கூத்து. கரும்பல்லன்னு ஒரு கடல் கொள்ளைக்காரன் வந்தான். "வந்துட்டான் பாரு நாசமாப் போறவன், தம்பிப் பயலக் கூண்டுல அடைச்சவன்"னு நான் வைதேன்.

"ஏளா, அவன் நல்லவன்! கூண்டத் தொறந்து விட்டதே அவன்தான்"னு அவிய அங்கிட்டிருந்து சண்டைக்கு வாராவ.

"நீங்க பாத்தியளோ?"

"நீ பாத்தியோ?"

முன் சீட்டுக்காரரு திரும்பி மொறைச்சாரு. கலைமதி ரெண்டு கையால எங்க ரெண்டு பேரு வாயையும் பொத்துனா. "கம்முனு இருங்க. பெரிய மீனு துன்னுடக் கூடாதுன்னுதான் அவன் கூண்டுல போட்டான். போட்டத அம்மா பட்ச்சாங்க. மீனு போனப்புறம் தொறந்து வுட்டத அப்பா பட்ச்சாரு. ரெண்டும் ஒரே ஆளுதான்."

அதுக்கப்புறம் படம் முடியுத வரைக்கும், இங்கிட்டுத் திரும்பி எனக்கு அப்பா பாதி, அங்கிட்டுத் திரும்பி அவியளுக்கு அம்மா பாதின்னு காதுல சொல்லிக்கிட்டே இருந்தா. ஸ்கிரீன் வெளிச்சம் அவ மூஞ்சில நீலமும் மஞ்சளுமா மாறி மாறி அடிக்கி. நான் படகப் பாக்கல, அவளத்தான் பாத்தேன். எந்தங்கம், இம்புட்டையும் எப்பம் சேத்து வச்சா?

வெளிய வந்து ஐஸ்கிரீமும் வாங்கியாச்சு. அவிய என்னப் பாக்காவ, நான் அவியளப் பாக்கேன். யாரு சொல்ல?

"எனக்குத் தெரியும்"னா கலைமதி. "சொர்ணம் அத்த போன்ல சொல்ட்டாங்க. புது ஸ்கூல் பேக் வாங்கி வச்சுக்கீறாங்களாம்."

அழல. அடம் பிடிக்கல.

"நான் போறேம்மா. ஆனா அப்பாவுக்கு கை வீங்கிச்சே, அத நாந்தான உனக்குச் சொன்னேன்? நீ அன்னைக்கு பஸ்ல மயக்கம் போட்டத அப்பாவுக்கு நாந்தான சொன்னேன்? நான் பூட்டா யாரு சொல்லுவா?"

நான் ஷிஃப்ட் முடிஞ்சு வரும்போது அவிய தூங்கிருப்பாவ. அவிய கெளம்பும்போது நான் தூங்குவேன். ஞாயித்துக்கிழமையும் யாராவது ஒருத்தருக்கு ஓ.டி. வந்துரும். எம்புருஷன் என்ன கஷ்டப்படுதாருன்னு எனக்குத் தெரிஞ்சதெல்லாம் இந்தப் புள்ள வாய் வழியாத்தான். அவ சொல்லித்தான் நாங்க குடும்பம் நடத்திருக்கோம். இது தெரியாம அவளயே ஊருக்கு அனுப்பப் பாத்தோமே!

ஷேர் ஆட்டோவுல ஏறுனதும் எங்க வீட்டுக்காரரு போனப் போட்டாரு. "அக்கா, பேக் அங்கனயே இருக்கட்டும். லீவுக்கு வாரோம்."

படப்பைல எறங்குனதும் எங்க வீட்டுப் பூட்டக்கூடத் தொறக்கல. நேரா கன்னியம்மாக்கா வாசல்ல போயி நின்னேன். "யக்கா, அன்னைக்கு நீங்க சொன்னது..."ன்னு இழுத்தேன்.

"இன்னா, ரோசம் எறங்கிச்சா?"

"எறங்கிருச்சுக்கா."

"உள்ள வா, அப்பவே சொன்னேன்ல"ன்னு சிரிச்சாவ. "படம் எப்டி கீது?"

சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்புறம் கலைமதிய முன்னால தள்ளிவிட்டேன். "நீ சொல்லுட்டி. உனக்குத்தான முழுசாத் தெரியும்."