கூடுதலாகப் பதினைந்து நிமிடம்

லிஃப்ட் மெக்கானிக்கின் மகள் அம்மாவோடு தனியாகப் போய் ஒன்றரை வருடமாகிறது. அப்பாவோடு பேச்சுவார்த்தையே இல்லை. ஆனால் அவளுடைய ஃபோன் அவர் வாங்கிக் கொடுத்தது. அதன் கட்டுப்பாடு இன்னும் அவர் ஃபோனில்தான் இருந்தது. தினமும் இரண்டு மணி நேரம் முடிந்ததும் அவள் ஃபோன் பூட்டிக்கொள்ளும். உடனே இவருக்கு அறிவிப்பு வரும்: 'உங்கள் மகள் கூடுதலாகப் பதினைந்து நிமிடம் கேட்கிறார்.'

யந்திரம் அனுப்புகிற வரிதான். இருந்தாலும் 'உங்கள் மகள்' என்று போட்டிருக்கிறதே! கையெல்லாம் கிரீஸாக இருந்தால் மூக்கு நுனியாலாவது 'சரி'யை அழுத்திவிடுவார்.

அந்த வரியை அடிக்கடி பார்க்கும் ஆசைதான் அவரைக் கெடுத்தது. இரண்டு மணி நேரத்தை ஒன்றாகக் குறைத்தார். பிறகு அரை மணியாக்கினார். அவள் ஒரு நாளைக்கு ஆறேழு தடவை கேட்டாள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் அவளே கூப்பிட்டாள். மாட்டிக்கொண்டிருந்த போல்ட்டை அப்படியே கீழே வைத்தார்.

"பாப்பா! சாப்பிட்டியாம்மா?"

"ம். அப்பா, தொட்டதுக்கெல்லாம் உங்ககிட்ட கேட்டுக்கிட்டு நிக்க முடியல. ஃபிரெண்ட்ஸ் எல்லாம் சிரிக்கிறாங்க. அந்தப் பூட்டை எடுத்துடுங்க."

"இப்பவே எடுத்துடறேன். வேற ஏதாவது வேணுமா?"

"வேற ஒண்ணும் வேணாம்."

எடுத்துவிட்டார்.

மறுநாள் வேலைக்கு நடுவே நாலைந்து தடவை ஃபோனை எடுத்துப் பார்த்தார்.

"யாருண்ணே ஃபோன்ல?" என்றார் கூட இருந்த எலக்ட்ரீஷியன்.

"யாருமில்லப்பா. மணி பார்த்தேன்."

கைக்கடிகாரம் அவர் கையிலேயே ஓடிக்கொண்டிருந்தது.