வளர்கிற பிள்ளைக்கு

பெருவிரல் தரையைத் தேடுகிறது, குளத்தில் ஆழம் பார்க்கிற மாதிரி மெல்ல இறங்கி, வெள்ளைக் காலுறைக்குள் அந்த ஒற்றை விரல் மட்டும் நீண்டு நீண்டு தேடுகிறது, எட்டவில்லை, அப்பா புடிச்சுக்கோங்க, விட்டுராதீங்க என்கிறாள் நேத்ரா, சைக்கிள் சீட்டின் பின்பக்கத்தை இறுகப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன், விடமாட்டேன் கண்ணு, நீ மிதி என்கிறேன், இப்போதுதான் சொன்ன மாதிரி இருக்கிறது, ஆனால் என் கையில் இருப்பது காற்றடிக்கிற பம்பு, மாடி அறையில் நான் ஒருவன்தான் குனிந்து நிற்கிறேன், என் மகள் போய்ப் பல வருஷமாகிவிட்டது, போர்வை போர்த்தி நிறுத்தியிருந்த அவளுடைய ரேஸ் சைக்கிளை இன்றைக்கு மதியம் என் மைத்துனன் மயில்சாமி வந்து எடுத்துக்கொண்டு போகப்போகிறான், அவன் மகள் வர்ணிகா ஓட்டுவதற்கு. போனில்தான் கேட்டான், சும்மாதானுங்களே மாமா நிக்குது, புள்ளை சைக்கிள் சைக்கிள்னு உசிரை வாங்கறா என்றான், சரி மாப்ள, வந்து எடுத்துக்க என்று வாய் முந்திக்கொண்டது, அவனுடைய அக்காவை, என் மனைவி கலாமணியை, ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்கப் பயம். இன்று காலை காபியை வாங்கிக்கொண்டே தயங்கித் தயங்கிச் சொன்னேன், குடுங்க என்றாள், அவ்வளவுதான், அடுப்புத் திட்டைத் துடைக்கத் திரும்பிவிட்டாள், அழுதிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும், அவளுக்கென்று மிச்சமிருந்த ஒன்றையும் பிடுங்கிக் கொடுக்கிறேனோ என்று நினைத்துக்கொண்டேதான் பம்பை அழுத்துகிறேன்.

வாங்கிய அன்று கலாமணியும் கூடத்தான் வந்தாள், கோயம்புத்தூரில் திருச்சி ரோட்டுக் கடை, கண்ணாடிக்குள் மாடு முட்ட வருகிற மாதிரி கொம்பை வளைத்துக்கொண்டு வரிசையாக நிற்கிற சைக்கிள்கள், நேத்ரா ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போகிறாள், விடிகாலையில் மருதமலை ரோட்டில் கூட்டமாக விர்ரென்று போகிறவர்களைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு வேறு பேச்சே கிடையாது, கடைக்காரத் தம்பி அவள் காலை அளந்துவிட்டு, சார், பாப்பாவுக்கு இந்தச் சின்ன சைஸ்தான் சரியா இருக்கும் என்றான், நானும் கலாமணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், சொல்லிவைத்த மாதிரி இரண்டு பேரும் ஒரே குரலில், வளர்ற புள்ளைங்க தம்பி, பெருசே குடுங்க என்றோம். செருப்பு மாதிரி இல்லைங்க சார், இதெல்லாம் உடம்புக்குத் தக்கன இருக்கோணும் என்று அவனும் சொல்லிப் பார்த்தான், யார் கேட்டது, பம்ப்செட் கம்பெனியில் ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் தூக்கி ஒதுக்கி வைப்பதுதான் எனக்குச் சம்பளம், ஆனால் பெற்ற பிள்ளைக்கு அளவாக வாங்குவது எங்கள் பக்கத்தில் யாருக்குமே வராது, ஷூ வாங்கினால் முனையில் பஞ்சு வைப்போம், ஜூன் மாசம் பள்ளிக்கூடத்துக்குப் பாவாடை தைத்தால் உள்ளே மடிப்பு மடிப்பாகப் பிடித்து வைப்போம், வருஷா வருஷம் பள்ளிக்கூடம் திறக்கிற அன்று ஒரு மடிப்பைப் பிரித்துவிடுவாள் கலாமணி, பிரித்த இடத்தில் சாயம் வெளுக்காத புதுப்பட்டை ஒன்று தெரியும், அதைப் பார்ப்பதில் எங்களுக்கு ஒரு கர்வம், பாருங்க, இத்தனை வளந்திருக்கிறா. ஆகவே பெரிய சைக்கிள், சீட்டை அடிவரை இறக்கியாகிவிட்டது, அதற்குமேல் இறங்காது, ஹெல்மெட்டும் பெரிது, கையுறையின் விரல் நுனியெல்லாம் காலியாகத் தொங்குகிறது, மெத்தை வைத்துத் தைத்த டவுசர், முதுகில் பை வைத்த மஞ்சள் சட்டை, ஏன் கண்ணு, முதுகுல பாக்கெட் வெச்சா எப்படி எடுக்கறது என்று கலாமணி கேட்கிறாள், வாழப்பழம் வெச்சுக்கிட்டு ஓட்டிக்கிட்டே திங்கறதும்மா என்று நேத்ரா கையைப் பின்னால் வளைத்துக் காட்டுகிறாள், சட்டை முழங்காலைத் தொடுகிறது, கை எங்கேயோ போகிறது, பைக்குப் போய்ச் சேரவில்லை, மூன்று பேரும் சிரிக்கிறோம், கடைக்காரத் தம்பியும் சிரிக்கிறான், அந்தச் சட்டையையும் கலாமணி இடுப்பிலும் தோளிலும் மடிப்புப் பிடித்துத் தைத்துத்தான் போட்டுவிட்டாள்.

அடுத்த வருசம் எட்டிரும்ப்பா என்று நேத்ராவே எனக்கு ஆறுதல் சொல்வாள், ஏறும்போதும் இறங்கும்போதும் நான் பிடிக்க வேண்டும், நடுவில் இருக்கிற தூரம் மட்டும் அவளுடையது, பனி இறங்கிய ரோட்டில் மஞ்சள் சட்டை படபடவென்று அடிக்க அவள் போகிறாள், பின்னால் ஸ்கூட்டரில் நான், மெதுவாப் போ சாமி என்று கத்துகிறேன், திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் விழுந்துவிடுவாள், ஆனால் கனவிலும் திரும்பிப் பார்ப்பதில்லை, மலை இருக்கிற இடத்தில் மலை இல்லாமல் வெறும் வெள்ளையாக இருக்கிறது, அதற்குள் போகிறாள், என் ஸ்கூட்டர் நின்றுவிடுகிறது, உதைக்கிறேன் உதைக்கிறேன், கலாமணி எழுப்பி, ஏனுங்க, காலை எதுக்கு இப்படி ஒதைக்கறீங்க என்கிறாள். அந்த ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல்தான், கொசுக்கடியில் வருகிற காய்ச்சல், ஊரில் பாதிப் பேருக்கு வந்து எழுந்து நடந்தார்கள், நேத்ரா எழவில்லை, ஆஸ்பத்திரியில் பெரியவர்கள் படுக்கிற கட்டில், அவள் கால் அதில் பாதி தூரம்கூடப் போகவில்லை, கீழே வெள்ளை விரிப்பு சும்மாவே கிடந்தது, நான் அதைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், இதுவும் பெருசாத்தானே இருக்குது, வளந்துருவா என்று பைத்தியக்காரன் மாதிரி நினைத்துக்கொண்டேன். செருப்பிலிருந்து சைக்கிள் வரை எதையுமே அவள் அளவுக்கு வாங்காத எங்களுக்கு, அவளைப் புதைத்த குழி மட்டும் அளவாக இருந்தது.

அதற்குப் பிறகு இந்த அறைக்கு நான் ஆயுத பூஜைக்கு மட்டும்தான் வருவேன், போர்வையை முன்பக்கம் கொஞ்சம் விலக்கி, ஹேண்டில்பாரில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கிவிடுவேன், போர்வையை முழுசாக எடுத்தது இன்றைக்குத்தான், அப்போதும் சரியாகப் பார்க்காமலே பின்சக்கரத்துக்குக் காற்றடித்து நிமிர்ந்தபோது சீட்டின் முனை என் இடுப்பில் இடித்தது, இது இத்தனை உயரமில்லையே என்று நினைத்தேன், என் தொடை உயரம்தானே இருந்தது, குனிந்து பார்த்தேன், சீட்டைத் தாங்குகிற தண்டில் ஸ்கேல் மாதிரி கோடுகள் உண்டு, நான் கடையில் இறக்கியபோது அத்தனை கோடும் உள்ளே முங்கிப் போயிருந்தது, இப்போது ஒவ்வொன்றாக மேலே வந்து நிற்கின்றன, ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையில் இறுக்கி இறுக்கி விட்ட தழும்பு, சைக்கிள் தானாக வளருமா, டிரங்குப் பெட்டியைத் திறந்து மஞ்சள் சட்டையை எடுத்தேன், இடுப்பு மடிப்பு இல்லை, தோள் மடிப்பு இல்லை, பிரித்த தையலின் ஊசித்துளைகள் மட்டும் வரிசையாக இருந்தன, நாப்தலின் வாசனை, சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன், இந்த வீட்டில் என் மகள் வளர்ந்துகொண்டிருந்திருக்கிறாள், எனக்குத்தான் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாப்ளைக்கு ஒரு போன் போட்டு வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம் என எழுந்தேன், கீழே கேட் திறக்கிற சத்தம் கேட்டது.

வர்ணிகா படியில் இரண்டிரண்டாகத் தாவி வருகிறாள், நேத்ரா போகும்போது இருந்த அதே வயசு, அதே ஒல்லிக் கால், மாமா நானே ஓட்டிட்டுப் போயிரட்டுங்களா என்கிறாள், அவள் பின்னால் மயில்சாமி, அவனுக்கும் பின்னால் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கலாமணி, சைக்கிளை முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறேன், சீட்டு உசரமா இருக்குதுங்களே மாமா, எல் கீ இருக்குதுங்களா என்று மயில்சாமி கேட்கிறான், சைக்கிளோடு கொடுத்த அந்த வளைந்த சாவியைத் தொலைத்துவிட்டேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன், கலாமணி உள்ளே போய்த் தையல் மிஷின் டிராயரைத் திறந்து எடுத்துவந்தாள், மண்டி போட்டு உட்கார்ந்து திருகைத் தளர்த்தினாள், பழகிய கை, கடைக்காரத் தம்பிக்குக்கூட அவ்வளவு லகுவாக வரவில்லை. ஒரு கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு இறக்குகிறாள், ஒரு கோடு, நின்று மூச்சு வாங்குகிறாள், இன்னொரு கோடு, என்னால் பார்க்க முடியவில்லை, காலேஜுக்குப் போன பெண் பள்ளிக்கூடத்துக்கு வருகிறாள், தாவணி வயசுக்காரி பாவாடைக்குள் வருகிறாள், கடைசிக் கோடும் முங்கியது, ஏறு சாமி என்றாள் கலாமணி, நான் பின்னால் பிடித்துக்கொண்டேன், வர்ணிகா ஏறி உட்கார்ந்தாள், கால் தொங்கியது, பெருவிரல் நீண்டு தரையைத் தேடியது, எட்டவில்லை, அடுத்த வருசம் எட்டிரும் அத்தை என்றாள்.

கலாமணியின் கையிலிருந்து சாவி விழுந்தது. இரண்டு கையாலும் அந்தப் பிள்ளையை அள்ளி இறக்கினாள், இறக்கியவள் விடாமல் கட்டிக்கொண்டாள், வேண்டாம் சாமி, இது உனக்குப் பெருசு என்றாள், எட்டிரும் அக்கா, வளர்ற புள்ளைதானே என்றான் மயில்சாமி, எட்டாது மயிலு, நீ பேசாம இரு, இன்னைக்கே கடைக்குக் கூட்டிட்டுப் போயி இவ காலை அளந்து, இவ அளவுக்கு ஒண்ணு வாங்கு, சட்டையும் அளவா வாங்கு, தொப்பியும் அளவா வாங்கு, வளர்றதுக்குன்னு ஒண்ணும் வாங்காதே, இன்னைக்கு எட்டோணும், இன்னைக்கு ஓட்டோணும், பத்தாமப் போனா தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்கலாம் என்று ஒரே மூச்சில் சொன்னாள், அவள் இவ்வளவு பேசிக் கேட்டு வருஷமாகிறது, மயில்சாமி என்னைப் பார்த்தான், நான் தலையசைத்தேன், சரிக்கா என்றான். அவர்கள் போன பிறகு சாவியைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள், புடிங்க என்றாள், பிடித்துக்கொண்டேன், சீட்டை ஏற்றினாள், ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தொறக்கற அன்னைக்கு ஒரு கோடு ஏத்துவேனுங்க, மடிப்புப் பிரிக்கறமாதர, உங்ககிட்டச் சொன்னா அழுவீங்கன்னு சொல்லலீங்க என்றாள், இந்த வருசம் ஏத்தலை, பொம்பளப் புள்ளைங்க இதுக்கு மேல வளராதுங்க, அதுதான் காலையில குடுங்கன்னேன், அவ வளந்து முடிச்சுட்டா. பழைய தழும்பில் சீட்டு வந்து நின்றது, இறுக்கிவிட்டு எழுந்து, மஞ்சள் சட்டையைக் கொண்டுவந்து சைக்கிளின் குறுக்குக் கம்பியின் மேல் போட்டாள், இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், வெயில் சாய்கிறது, தள்ளாமலே பின்சக்கரம் கொஞ்சம் நகர்கிறது, யாரோ ஏறி உட்கார்ந்த கனம் என் கையில் வந்து இறங்குகிறது, இறுகப் பிடிக்கிறேன், வெள்ளைக் காலுறைக்குள் ஒரு நீண்ட கால் கீழே வருகிறது, பெருவிரல், பிறகு மற்ற விரல்கள், தரையை மெல்லத் தொட்டுப் பார்த்துவிட்டு ஊன்றி நிற்கிறது, எட்டிருச்சுப்பா, விடுங்க என்கிறாள்.