மணிவண்ணன் போட்ட தாயம்

கடைசிக் குளிப்பாட்டலுக்குக் கிடத்தியிருந்த தம்பி பலராமனின் கால்விரல் இடுக்கில் ஒட்டியிருந்த உப்பளத்துச் சேறு எளிதில் போவதாக இல்லை. மணிவண்ணன் இன்னொரு சொம்புத் தண்ணீரை ஊற்றித் தேய்த்தான். தேய்க்கிற வேலை இருக்கும்வரை யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

"ஏம்பா, விதி இழுத்துக்கினு போவுது. நாம இன்னா பண்றது?" என்றார் பக்கத்து அளத்துக்காரர் தட்சணாமூர்த்தி. வந்தவர்கள் எல்லாரும் இதையேதான் சொன்னார்கள். பாவம் விதி, செய்யாத குற்றத்துக்குக் காலையிலிருந்து ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

நேற்று மதியம் கோடைமழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. உப்புக் குவியலைத் தார்ப்பாய் போட்டு மூட ஒருவர் போக வேண்டும். இந்த மாதிரி வேலைக்கெல்லாம் அண்ணனும் தம்பியும் சின்ன வயதிலிருந்தே தாயம் உருட்டித்தான் முடிவு செய்வார்கள். தாயம் விழாதவன்தான் போக வேண்டும். பலராமனுக்கு மூன்று விழுந்தது. மணிவண்ணனுக்குத் தாயம்.

"உனுக்கு எப்பவுமே லக்குதாண்ணா," என்று சிரித்துவிட்டுப் பலராமன் சைக்கிளை எடுத்தான். அந்த வெட்டவெளியில் அவனைவிட உயரமாக எதுவும் இல்லை. இடி அவன்மேல் விழுந்தது.

அது லக்கு இல்லை. பித்தளைக் கட்டைகளில் தாயத்தை மேல்பக்கமாக வைத்துக்கொண்டு, தேய்ப்பதுபோல் சத்தம் மட்டும் காட்டி, உருளாமல் வழுக்கிவிட வேண்டும். பத்து வயதில் பழகிய வித்தை. இருபத்தைந்து வருஷமாகத் தம்பியை வெயிலுக்கும் மழைக்கும் அனுப்பிய வித்தை. லீவு விட்டதும் மகள் தமிழ்நிலாவுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தான். "வெளையாட்டுன்னா தெறம வேணும் பாப்பா," என்று பெருமை வேறு. நேற்று அவன் கட்டையை விட்டபோது, எதிரே இருந்த அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பாடை எடுப்பதற்குள் தம்பி மனைவி சங்கீதாவிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் தூக்கினால் இந்த ஜென்மத்தில் தூக்கம் கிடையாது. அவள் வாய்க்கரிசி போட்டுவிட்டுத் திரும்பியபோது எதிரே போய் நின்றான்.

"சங்கீதா, நேத்து நான் போட்ட தாயம்..."

"தெரியும் மாமா. தமிழு சொல்லிச்சு."

அவன் ஓரடி பின்வாங்கினான்.

"அப்பா நல்லா உருட்டிதான் போட்டாரு சித்தின்னு அழுவுது. நான் கேக்கவே இல்ல மாமா, அதுவாவே வந்து சொல்லுது. உங்கள யாரு தப்பா நெனைக்கப் போறா?"

சித்தியின் புடவையைப் பிடித்தபடி தமிழ்நிலா நின்றிருந்தாள். கண்ணீர் காய்ந்த முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அப்பாவையே பார்த்தாள்.

"தூக்குங்கப்பா," என்றார் தட்சணாமூர்த்தி.

மணிவண்ணன் வாயை மூடிக்கொண்டு, பாடையின் முன்பக்கம் போய்த் தோள் கொடுத்தான்.