கரிய மலையின் செம்பு

ராஜலக்ஷ்மிக்குச் சுரங்கம் பார்க்கும் ஆசை டைப் அடித்து அடித்தே வந்தது. கனிமங்கள் சம்பந்தப்பட்ட ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் அவளுக்கு வேலை. மலை மலையாக அலைந்துவிட்டு வரும் அதிகாரிகளின் அறிக்கைகளை மூன்று கார்பன் வைத்து அடித்துக் கொடுக்க வேண்டும். 'பழைய சுரங்கம், காலம் தெரியவில்லை', 'வெட்டிக் கொட்டிய கல்மேட்டில் நேட்டிவ் காப்பர் சிறு துண்டுகளாகக் கிடைக்கிறது' என்று ஆறு வருடம் அடித்ததில் ஆரவல்லி மலையின் செப்புக் குழிகள் எல்லாம் அவளுக்கு மாமியார் வீட்டைவிட நன்றாகத் தெரிந்திருந்தன. ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

"செம்பு அப்படியே கிடைக்குதுன்னு நான் அடிச்ச ஊரை நான் ஒரு தடவையாவது பாக்க வேண்டாமா?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, டெல்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ் மாடிப்படியில் பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டாள். கேட்டது எதிர்வீட்டு சூசையம்மாளிடம்.

சூசையம்மாள் சிவகங்கைப் பக்கத்துக்காரி. அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். "செம்பு பூமிக்குள்ள செம்பாவேவா கெடக்கும்?" என்றாள் நம்பாமல்.

"பெரும்பாலும் கல்லை உருக்கித்தான் எடுக்கணும். ஆனா சில இடத்துல அப்படியே உலோகமா, பாறை இடுக்குல வேர் மாதிரி ஓடியிருக்குமாம். நானே எத்தனை தடவை அடிச்சிருக்கேன்!"

"சரி, போவமா?"

இப்படித்தான் ஆரம்பித்தது. எண்பத்தேழு டிசம்பர். இருவருக்கும் முப்பது வயதைத் தொட ஒன்றிரண்டு வருடம் இருந்தது. சூசையம்மாளின் கணவர் தாமஸ், "ஊர் உலகம் தாஜ்மகால் பாக்கப் போகுது, நீங்க குழி பாக்கப் போறீகளா?" என்று சிரித்துவிட்டு, தன் டார்ச்சுக்குப் புது செல் போட்டுக் கொடுத்தார்.

சராய் ரோஹில்லா ஸ்டேஷனில் விடியற்காலை மீட்டர் கேஜ் ரயில். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. ரேவாரி தாண்டித்தான் சூரியன் வரும். அது வரும்வரை இருவரும் ஒரே சால்வைக்குள் ஒடுங்கி, ராஜலக்ஷ்மி கட்டி வந்த மிளகாய்ப்பொடி இட்லியைக் கை விறைக்க விறைக்கச் சாப்பிடுவார்கள். ராஜஸ்தானில் நீம் கா தானாவில் இறங்கி, ஆளோடு ஆளாக ஜீப்பில் நெருங்கி உட்கார்ந்து, கடைசி மூன்று மைல் நடை. அந்தக் குன்றை ஊர்க்காரர்கள் கரிய மலை என்றார்கள். எந்தக் காலத்திலோ செம்பு உருக்கி ஊற்றிய கசடு சரிவெல்லாம் கறுப்புக் கண்ணாடியாக மின்னியது. மேலே, ஆள் குனிந்து போகிற அளவில் ஏழெட்டுப் பொந்துகள்.

முதல் நாள் அவர்கள் கல்மேட்டில் குனிந்து குனிந்து தேடியதைப் பார்த்துவிட்டு, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவன் இறங்கி வந்தான். சிவப்புத் தலைப்பாகை, அவர்கள் வயதுதான் இருக்கும். பெயர் சீத்தர்.

"எதைத் தொலைத்தீர்கள், பெஹன்ஜி?" என்று சகோதரி முறை வைத்து இந்தியில் கேட்டான்.

தொலைக்கவில்லை, செம்பு தேடுகிறோம் என்றதும் அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அன்றைக்கே எந்தப் பொந்தில் முள்ளம்பன்றி இருக்கிறது, எதில் கூரை உதிர்கிறது என்று அவன்தான் சொல்லிக் கொடுத்தான். மெழுகுவர்த்தியோடு உள்ளே போவார்கள். சுடர் மங்கினால் காற்று சரியில்லை என்று அர்த்தம், திரும்பிவிட வேண்டும். சூசையம்மாள் ஒல்லி, அதனால் அவள்தான் முன்னால். இடுப்பில் ஆடு கட்டும் கயிறு. அதன் மறுமுனை வெளியே சீத்தரின் கையில்.

சுவரில் பச்சைக் கறை தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். அங்கே உதிர்ந்து கிடக்கும் கற்களைக் கையில் எடுத்துப் பார்த்தால், அளவுக்கு மீறிக் கனப்பது ஏதாவது ஒன்று இருக்கும். சுத்தியால் தட்டினால் கல் உடையும், செம்பு நசுங்கும். முதல் துண்டை நகவெட்டியால் சுரண்டியபோது உள்ளே வெளுத்த சிவப்பாகத் தெரிந்தது. "ஐயோ, பொறந்த புள்ளையோட உள்ளங்கால் மாதிரில்ல இருக்கு!" என்று சூசையம்மாள் கத்தியதில் வௌவால்கள் கிளம்பி இருவர் தலைமீதும் பறந்தன. குழியை விட்டு விழுந்தடித்து வெளியே வந்து, வெயிலில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கயிற்றைப் பிடித்தபடி சீத்தரும் சிரித்தான்.

எட்டுக் குளிர்காலம், வருடத்துக்கு இரண்டு முறை. இரண்டு வீட்டிலும் குழந்தைகள் பிறந்தன. மாமியார்கள் வந்து போனார்கள். ஆனாலும் டிசம்பரில் ஒன்று, பிப்ரவரியில் ஒன்று தவறவில்லை. சீத்தரின் மனைவிக்குக் காலில் முள் குத்திச் சீழ் வைத்தபோது சூசையம்மாள்தான் கீறிக் கட்டுப் போட்டாள். கிடைத்த செம்பில் பெரியவை ராஜலக்ஷ்மியின் ஷோகேஸில், ஒவ்வொன்றுக்கும் டைப் அடித்த பெயர்ச்சீட்டோடு. சிறியவை சூசையம்மாளின் மருந்துப் பெட்டியில். அப்படிப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. அப்படியே பழகிவிட்டது.

தொண்ணூற்றைந்து பிப்ரவரியில்தான் அது கிடைத்தது. அன்று சூசையம்மாள் வழக்கத்தைவிட உள்ளே போனாள். வயிற்றால் ஊர்ந்து, முழங்கை தோல் உரிந்து, வெடித்துக் கிடந்த ஒரு பாறையருகே மெழுகுவர்த்தியைத் தூக்கிப் பிடித்தாள். பின்னால் வந்த ராஜலக்ஷ்மி அந்த வெளிச்சத்தில் வெடிப்புக்குள் கையை விட்டு, மெல்ல ஆட்டி ஆட்டி ஒன்றை உருவினாள். உள்ளங்கை நீளம். நடுவில் காம்பு, இரு பக்கமும் சின்னச் சின்னத் தளிர். முருங்கை இணுக்கைச் செம்பில் வார்த்த மாதிரி இருந்தது.

"நான் எடுத்துட்டேன்டி!" என்றாள் ராஜலக்ஷ்மி. நான் என்றாள். சூசையம்மாளின் காதில் அந்தச் சொல் மட்டும் தங்கிவிட்டது.

ஜீப் நிற்கும் இடத்தில் ராஜலக்ஷ்மி தண்ணீர் குடிக்கப் போனாள். சீத்தர் பையை இறக்கி வைத்துவிட்டு பீடி பற்றவைக்க அந்தப் பக்கம் திரும்பினான். சூசையம்மாள் பையைத் திறந்து, துணியில் சுற்றியிருந்ததை எடுத்து, ஸ்வெட்டருக்குள் சொருகிக்கொண்டாள். ஏன் என்று அப்போதும் தெரியவில்லை, பிறகு யோசித்தபோதும் முழுதாகத் தெரியவில்லை. ஒரு நாள் வைத்திருந்துவிட்டு, விளையாட்டுக்கு எடுத்தேன் என்று கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

ஆனால் ராஜலக்ஷ்மி ரயிலடியிலேயே பையைத் திறந்து பார்த்துவிட்டாள். இணுக்கைக் காணோம். மலையிலிருந்து பையைச் சுமந்து, ஜீப்பில் ரயிலடிவரை கூடவே வந்தவன் சீத்தர் ஒருவன்தான். பிளாட்பாரத்தில் அத்தனை பேர் நடுவே, அவளுக்குத் தெரிந்த இந்தியில், "எடுத்திருந்தால் கொடுத்துவிடு" என்றாள். சீத்தர் சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினான். பிறகு தலைப்பாகையை அவிழ்த்தான். சுற்றுச் சுற்றாக அத்தனை நீளத் துணியும் தரையில் விழும்வரை அவிழ்த்து, உதறிக் காட்டிவிட்டு, வெறுந்தலையோடு நின்றான். சூசையம்மாளின் நெஞ்சருகே அந்தச் செம்பு குத்திக்கொண்டிருந்தது. இப்போது சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ரயில் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர்கள் போகவில்லை. "அந்தாள் முகத்துல எப்படி முழிப்பேன்? எடுத்திருந்தாலும் கஷ்டம், எடுக்கலேன்னாலும் கஷ்டம்" என்றாள் ராஜலக்ஷ்மி. அடுத்த வருடம் அவள் கணவருக்கு நாக்பூருக்கு மாற்றலாகிவிட்டது. கடிதம், பொங்கல் வாழ்த்து, பிறகு எப்போதாவது போன். சூசையம்மாள் ஒருமுறை மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி அழுதாள். செபமாலை சொல்லும்படியும் பொருளைத் திருப்பிக் கொடுக்கும்படியும் சாமியார் சொன்னார். செபமாலை சொன்னாள்.

வருடங்கள் ஓடின. தாமஸ் போய்ச் சேர்ந்தார். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸை இடித்துத் தள்ளினார்கள். சூசையம்மாள் மயூர் விஹாரில் மகன் டோனி வீட்டுக்கு வந்துவிட்டாள். போன வருடம், கிட்வாய் நகரின் புதிய அடுக்குமாடியிலிருந்து ஒரு போன். ராஜலக்ஷ்மியின் மகள் பிரியதர்ஷினி. "ஆன்ட்டி, அம்மா என்கூடவே வந்துட்டாங்க. சுகர்ல கண்ணு போயிடுச்சு, நிழல் மாதிரிதான் தெரியுது. உங்களையே கேட்டுக்கிட்டு இருக்காங்க."

சூசையம்மாள் போனாள். ராஜலக்ஷ்மி அவள் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்னடி, இவ்வளவு குண்டாயிட்ட? இப்ப குழிக்குள்ள போனா மாட்டிப்ப" என்றாள். பேசி முடித்துக் கிளம்பும்போது கையைப் பிடித்தாள். "சூசை, ஒரு தடவை அங்க போயிட்டு வரலாமா? பாக்க முடியாது, தொட்டுக்கலாமில்ல?"

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை டாக்ஸி எடுத்தார்கள். கிளம்புவதற்கு முன் சூசையம்மாள் பீரோவில் கல்யாணச் சேலை மடிப்புக்குள்ளிருந்து அந்த முருங்கை இணுக்கை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வழியில் சொல்லிவிடத்தான் நினைத்தாள். ஆனால் ராஜலக்ஷ்மி ரேவாரி வந்துவிட்டதா, நார்நோல் வந்துவிட்டதா என்று குழந்தை மாதிரி கேட்டுக்கொண்டே வந்தாள். வாய் வரவில்லை.

கரிய மலை அங்கேயே இருந்தது. பக்கத்துக் குன்றைத்தான் ஜல்லிக்காகப் பாதி வெட்டியிருந்தார்கள். பொந்துகளின் வாயில் எல்லாம் கல் வைத்து அடைத்திருந்தது. கன்றுக்குட்டி ஒன்று விழுந்த பிறகு ஊரார் அடைத்ததாம். டிரைவர் ஒரு பக்கமும் சூசையம்மாள் ஒரு பக்கமுமாகப் பிடித்து ராஜலக்ஷ்மியைக் கல்மேட்டில் உட்கார வைத்தார்கள். அவள் இரண்டு கையாலும் கற்களை அளைந்தாள். எடுப்பாள், எடை பார்ப்பாள், போடுவாள். அரை மணி நேரம் கழித்து ஒன்றை எடுத்தவள் போடவில்லை. உள்ளங்கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். "இது கனக்குதுடி. தட்டு, தட்டு."

சூசையம்மாள் ஒரு கல்லால் தட்டினாள். நசுங்கியது. ராஜலக்ஷ்மி சிரித்த சிரிப்பில் அவளுடைய அறுபத்தைந்து வயதும் எங்கோ போய்விட்டது.

அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் மேலே ஆடுகளுக்குப் பின்னால் இருந்தவர் எட்டிப் பார்த்தார். வெள்ளை மீசை, வெள்ளைத் தலைப்பாகை, கையில் செல்போன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "டைப் பெஹன்ஜி? நர்ஸ் பெஹன்ஜி?"

வீட்டுக்குக் கூட்டிப் போய்க் கட்டிலில் உட்கார வைத்தார். அவர் மனைவி டீ போட்டாள். நலம் விசாரித்து முடிப்பதற்குள் சீத்தர் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து ராஜலக்ஷ்மியின் மடியில் வைத்தார்.

"அன்றைக்கு உங்கள் பையில் ஓரம் கிழிந்திருந்தது. வழியில்தான் விழுந்திருக்கும் என்று நினைத்தேன். அந்தக் கோடை முழுக்க இங்கேயிருந்து ஜீப் நிற்கிற இடம்வரை தேடினேன், பெஹன்ஜி. அது கிடைக்கவில்லை. தேடியதில் இதெல்லாம் கிடைத்தது. நீங்கள் வந்தால் கொடுக்கலாம் என்று வைத்தேன். பேத்தி கொஞ்சம் தொலைத்துவிட்டாள்."

டப்பாவில் பதினோரு துண்டுகள் இருந்தன. ராஜலக்ஷ்மி ஒவ்வொன்றாகத் தொட்டாள். சூசையம்மாளால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. கைப்பையைத் திறந்து அந்த இணுக்கை எடுத்து, டீ கிளாஸ்களுக்கு நடுவே வைத்தாள்.

"விழவில்லை. நான்தான் எடுத்தேன்" என்றாள் இந்தியில். பிறகு ராஜலக்ஷ்மியின் கையைப் பிடித்து அதன்மேல் வைத்து, தமிழில், "நாந்தான் எடுத்தேன் ராஜி. பிளாட்பாரத்துல என் ஸ்வெட்டருக்குள்ளதான் இருந்துச்சு" என்றாள்.

ராஜலக்ஷ்மியின் விரல்கள் காம்பில் ஓடின, ஒவ்வொரு தளிராகத் தடவின, பிறகு நின்றுவிட்டன. அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

சீத்தர் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இதுதானா? நான் இதைவிடப் பெரியது என்று நினைத்துத் தேடிக்கொண்டிருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு சூசையம்மாளைப் பார்க்காமல், "அன்றைக்கு ஸ்டேஷனில் சொல்லியிருக்கலாம், பெஹன்ஜி" என்றார். அவ்வளவுதான். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

ராஜலக்ஷ்மி தடுமாறி எழுந்து, அவர் இருக்கும் திசையை நோக்கிக் கும்பிட்டாள். "அன்றைக்கு அத்தனை பேர் நடுவே நான்தானே கேட்டேன். மன்னித்துவிடுங்கள், அண்ணா." அவர் பதறி அவள் கையை இறக்கினார். கிளம்பும்போது, செம்பை யார் எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் இருவரும் நின்றார்கள். சீத்தரே முடித்து வைத்தார்.

"டப்பாவை நீங்கள் கொண்டு போங்கள். இதற்காக ஒரு கோடை அலைந்திருக்கிறேன். இது இங்கே இருக்கட்டும்."

டி.வி.க்கு மேலே, பேத்தியின் பள்ளிக்கூடப் போட்டோவுக்குப் பக்கத்தில் அதைச் சாய்த்து வைத்தார்.

டெல்லிக்குள் வந்துவிட்டார்கள். தௌலா குவான் நெரிசலில் வண்டி நின்றபோது, ராஜலக்ஷ்மி ஜன்னல் பக்கம் முகத்தை வைத்தபடி, "தலைப்பாகைய அவுத்தாருடி அந்த மனுஷன்" என்றாள். அழுதாள். சூசையம்மாள் தொடப் போன கையைத் தட்டிவிட்டாள்.

ஒன்பது நாள் போன் இல்லை. பிரியதர்ஷினியைக் கேட்டால், "அம்மா தூங்குறாங்க ஆன்ட்டி" என்றாள். பத்தாம் நாள் ராஜலக்ஷ்மியே கூப்பிட்டாள்.

"பதினோரு துண்டுக்கும் பெயர்ச்சீட்டு எழுதணும். எனக்குக் கண்ணு தெரியாது, பிரியாவுக்கு டைம் கிடையாது. உன் மேல கோவம் போகல. போகும்னும் சொல்ல மாட்டேன். வியாழக்கிழமை வந்துடு."

சூசையம்மாள் மெட்ரோ பிடித்து ஐ.என்.ஏ.யில் இறங்கிப் போனாள். ராஜலக்ஷ்மி ஒவ்வொரு துண்டாகத் தடவி, பழைய அறிக்கைகளின் அதே ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, இவள் எழுதினாள். எடை, நீளம், வடிவம், இடம். கண்டெடுத்தவர் என்ற இடத்தில் ஒவ்வொன்றிலும் சீத்தரின் பெயர்.

"ஸ்பெல்லிங் சரியா போட்டியா?"

"போட்டேன்டி."

"எழுத்து எழுத்தா படிச்சுக் காட்டு" என்றாள் ராஜலக்ஷ்மி.

சூசையம்மாள் படித்துக் காட்டினாள். அன்று நான்குதான் முடிந்தது. மீதியை அடுத்த வியாழக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று ராஜலக்ஷ்மியே சொன்னாள்.