வாயில் வராத பேர்

ஜன்னலைச் சாத்தியிருந்தும் குன்னூர் மேகம் எப்படியோ பல் டாக்டரின் அறைக்குள் வந்துவிட்டது. சாய்வு நாற்காலியில் மல்லாந்து கிடந்த சுசீலாவுக்குத் தரையில் இருக்கிறோமா, மிதக்கிறோமா என்றே தெரியவில்லை.

ஐப்பசி மழையில் கேத்திப் பக்கம் கேரட் காட்டில் வழுக்கி விழுந்ததில் முன்பல் இரண்டும் போயின. பல் போனதுகூடப் பரவாயில்லை, பேச்சு போனதுதான் கொடுமை. ஒரு கல்யாணப் பந்தியில் “சாம்பார்” என்று கேட்டாள், விசில் வந்தது. பந்தியே சிரித்தது. சிரித்தவர்கள் வாயிலெல்லாம் முத்துச்சரமாக்கும்! அன்றிலிருந்து எதற்கும் தலையாட்டுவதோடு சரி. வீட்டுக்காரர் ஃபேக்டரியிலிருந்து வந்து டிவியைப் போட்டு, செய்தி வாசிப்பவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகையாக வரும்.

டாக்டர் ராஜப்ரியா இரண்டு மாதிரிகளை எடுத்தார். பக்கத்துப் பற்களைத் தேய்த்து, அவற்றின்மேல் ஏற்றி உட்காரவைக்கும் பீங்கான் பாலம்.

“ஒன்னு நீளம், பார்க்க எடுப்பா இருக்கும். இன்னொன்னு குட்டை. போட்டுப் பேசிப் பாருங்கக்கா. ஒட்டிட்டா மாத்தறது கஷ்டம்.”

நீளமானதைப் போட்டதும் கண்ணாடியில் யாரோ ஓர் அழகி. சுசீலாவுக்கே வெட்கமாகிவிட்டது. ஆசை ஆசையாகத் தன் பேரைச் சொன்னாள். பாழாய்ப்போன விசில்!

குட்டையானதை மாட்டினார் டாக்டர். அழகி போய்ப் பழைய சுசீலா வந்தாள். பேர் ஒழுங்காக வந்தது.

“இது போதாதுக்கா. ‘ஸ்’ல அழுத்தி ஆரம்பிக்கிற பேரு வேணும். வெளியே உக்காந்திருக்காரே உங்க ஊட்டுக்காரர், சீட்டுல பார்த்தேன், அவர் பேரையே சொல்லுங்களேன்.”

சுசீலாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பேரை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ‘ஏனுங்க’விலேயே குடித்தனம் ஓடிவிட்டது. கோயிலில் பூசாரி கேட்டால் மகளை முன்னால் தள்ளிவிடுவாள். மேகம் இறங்கித் தோட்டம் மறைகிற நேரங்களில், மனசுக்குள் மட்டும் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். எவ்வளவு இனிப்பான பேர்!

“வேற பேரு சொல்லட்டுங்களா, டாக்டரம்மா?”

“அதையேதான்.”

வெள்ளையாய் மூடிக்கிடந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, தூக்கத்தில் பேசுகிறவள்போல, “ஸ்ரீராம்” என்றாள். விசில் இல்லை. அட்சர சுத்தம்.

வெளியே நாற்காலி இழுபடும் சத்தம். கதவு திறந்தது. குல்லாயைக் கையில் கசக்கியபடி வீட்டுக்காரர் நின்றார். கண் கலங்கியிருந்தது.

“கூப்பிட்டியா?”

“இல்லீங்க... பல்லு சரியா இருக்குதான்னு டாக்டரம்மாதான் பேசச் சொன்னாங்க.”

“எனக்குச் சரியாக் கேக்கலே. இன்னொருக்கா சொல்லு.”

சுசீலா கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள். “இதையே ஒட்டிருங்க, டாக்டரம்மா” என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, இன்னொருக்கா சொன்னாள்.