மூன்றாவது டிஸ்க்கின் பொட்டு

என் அம்மா பெயர் பஞ்சாலை. இந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில்தான் பிறந்தாள். அறுபது வருஷமாக இங்கேயேதான் கிடக்கிறாள். ஆனாலும் கையில் இருப்பது சிவப்பு ஐசி; வெறும் நிரந்தரவாசி அடையாள அட்டை, குடியுரிமை இல்லை. பிறப்புப் பத்திரம் இல்லாதவள் தோட்டத்துப் பதிவைக் காட்டட்டும் என்றார்கள் சிரம்பான் குடியுரிமை ஆபீஸில்.

அந்தப் பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவளே நான்தான். தோட்டத்து ஆபீஸில் எழுதிக் கணக்குப் பார்க்கும் கிராணி வேலை எனக்கு. யார் எந்த லயத்தில் எப்போது பிறந்தார்கள் என்று பதினான்கு புத்தகங்கள். எட்டு மாதம் கண் எரிய எரிய அடித்தேன். முடித்த மறுநாளே, கறையான் பிடித்தது என்று மேனேஜர் ராமகிருஷ்ணன் புத்தகங்களைக் கொளுத்தச் சொன்னார். டேப்பில் ஒரு நகல் எடுத்து வைப்போமா என்றேன்.

"அதான் ரெய்டு இருக்கே, எதுக்கு வேஸ்ட் லா?"

ரெய்டு என்றால் மூன்று டிஸ்க். ஒன்று செத்தால் மற்ற இரண்டும் சேர்ந்து சமாளிக்கும். இரண்டு செத்தால் எல்லாம் போச்சு. ஒன்று செத்ததும் கத்துகிற அலாரத்தையும், காதைத் துளைக்கிறது என்று நிறுத்திவைத்திருந்தார் அந்த மகராசன்.

அம்மாவின் பதிவை நான் அன்றே பிரிண்ட் எடுத்திருக்கலாம். எங்கே ஓடிவிடப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

டிசம்பரில் பக்கத்துத் தோட்டத்துப் பதிவுகளையும் சேர்க்க இடம் போதவில்லை. நாலாவது டிஸ்க் போட, சிரம்பான் கம்ப்யூட்டர் கடையிலிருந்து அமிர்தலிங்கம் வந்தார். மெஷினை அணைத்து, புதியதைச் செருகி, மறுபடி போட்டார். பழைய இரண்டாவது டிஸ்க் எழவேயில்லை.

"பரவால்ல, மத்த ரெண்டு இருக்கு" என்றவர், மூன்றாவதின் முகப்பில் காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். அடியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இது எப்பவோ செத்துப்போச்சுக்கா. யாரு இது மேல பூசுனது?"

ஆயுத பூஜையன்று மூன்றுக்கும் பொட்டு வைத்தவள் நான்தான். இந்தக் கையை வெட்டிப் போட்டால் தேவலை என்றிருந்தது.

வியாழக்கிழமை அம்மாவுக்குக் குடியுரிமை நேர்காணல். மேனேஜரிடம் போய் நின்றேன்.

"அம்மா இங்கதான் பொறந்தாங்கன்னு உங்களுக்கே தெரியும் சார். எழுதிக் குடுங்க."

"தெரியும்மா. ரெக்கார்டு இல்லாம எப்படிப் போடறது? இல்லன்னு வேணா டைப் பண்ணிக் கொண்டா, சைன் போடறேன்."

தோட்டத்திலிருந்து ஏதாவது ஒரு கடிதம் இல்லாமல் வரவேகூடாது என்று சிரம்பான் ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். அடித்தேன். பஞ்சாலை என்பவரைப் பற்றி எங்களிடம் எந்தப் பதிவும் இல்லை. பாவி மனுஷன் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கினாள்.

"எம் பேரு போட்டிருக்கா?"

"போட்டிருக்கும்மா."

அவள் அதைச் சாமி படத்துக்கு முன்னால் விரித்து, சந்தனம் குழைத்து, நாலு மூலையிலும் பொட்டு வைத்தாள்.