ஓரினின் செம்பு வளையம்

ஓரின் ஸ்டாவிக் ஏமாற்றுகிறான் என்ற எண்ணம் எனக்குள் விழுந்தது கடிகாரத்தைப் பார்த்துத்தான். அதற்கு முன்னால் வெறும் வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி முதல் சனிக்கிழமை வீட்டிலிருந்தே ரேடியோவில் பேசிக்கொள்கிற எங்கள் மாநில அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்குப் போட்டி. காலை எட்டிலிருந்து மாலை ஆறுவரை மோர்ஸில் எத்தனை பேரைப் பிடிக்கிறோமோ அத்தனை புள்ளி. ஒரே ஆளை வேறு அலைவரிசையில் மறுபடி பிடித்தால் மறுபடியும் புள்ளி. அதனால் அலைவரிசை மாற்றி மாற்றித் தாவுகிறவனுக்குத்தான் லாபம். டுலூத்துக்குப் பக்கத்து ஹெர்மன்டவுனில் என் வீட்டுக் கொல்லையில் எழுபதடி ஆன்டெனா டவர் நிற்கிறது. டுலூத் கிளப்பில் ஒன்பது வருஷம் நான்தான் முதல். போன வருஷம் ஓரின் என்னை நாற்பத்தொரு புள்ளியில் தோற்கடித்தான். அவனிடம் டவர் கிடையாது. முதியோர் குடியிருப்பின் நாலாவது மாடி பால்கனியில், ஒரு மீட்டர் அகலத்தில் வளைத்து நிறுத்திய செம்புக் குழாய்தான் அவனுடைய ஆன்டெனா.

அந்த வளையத்தை நான் மட்டம் தட்டவில்லை. இடமில்லாதவனுக்கு அது பெரிய வரம். ஒரே வளையம் ஐந்து அலைவரிசைக்கும் போதும். ஆனால் ஒவ்வொரு தடவை மாறும்போதும் அலைவரிசைக்குப் பொருத்துகிற கெப்பாசிட்டர் குமிழைத் திருகியாக வேண்டும். மயிரிழை பிசகினாலும் வளையம் ஊமை. மேஜையை விட்டு எழுந்து, பால்கனிக் கதவைத் திறந்து, குமிழைத் திருகி, திரும்ப வந்து பார்த்து, சரியில்லை என்று மறுபடி ஓட வேண்டும். நானே கராஜில் அதே மாதிரி ஒன்று செய்து நேரம் பிடித்தேன். முழங்காலை இடித்துக்கொண்டு ஓடியும் ஐம்பத்திரண்டு வினாடிக்குக் கீழே வரவில்லை. மோட்டார் வைத்தாலும் அரை நிமிடம் ஆகும்.

போட்டி நாளில் எல்லா அலைவரிசைகளையும் கம்ப்யூட்டரில் பதிவு செய்து வைப்பது என் வழக்கம். கிளப் வெளியிட்ட ஓரினின் தொடர்புப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, போன வருஷப் பதிவைப் போட்டுக் கேட்டேன். ஓரின் ஓர் இடத்தில் முடித்த எட்டாவது வினாடி வேறு அலைவரிசையில் கூப்பிடுகிறான். சில தடவை ஆறே வினாடி. நாற்பது தடவைக்கு மேல் அப்படி.

தட்டுகிற கையும் உதைத்தது. ஒருவன் மோர்ஸ் தட்டுவதை நாலு எழுத்து கேட்டாலே எங்களுக்கு ஆள் தெரிந்துவிடும். ஓரின் நீளக் கோடுகளை இழுஇழுவென்று இழுப்பான். நாற்பது வருஷம் கேட்ட கை அது. இந்த இரண்டு வருஷமாக அந்த இழுப்பு போய், தட்டு சுத்தமாகிவிட்டது. தினமும் காலை ஏழு மணிக்கு நானும் அவனும் மோர்ஸில் பேசிக்கொள்வோம். அப்போதும் அதே சுத்தம்தான். கம்ப்யூட்டரை வைத்துத் தட்டுகிறான் போலிருக்கிறது என்று முதலில் விட்டுவிட்டேன். வினாடிக் கணக்கைப் பார்த்த பிறகு அதுவும் இதோடு சேர்ந்துகொண்டது. எங்கோ பெரிய டவர் வைத்திருக்கிற எவனோ ஒருவன் இவன் பெயரில் ஆடுகிறான் என்று முடிவுக்கு வந்தேன்.

இதற்கெல்லாம் காரணம் அவன் மனைவி ஜீனட் என்பது என் எண்ணம். லேக்சைடில் அவனுக்கு நல்ல வீடு இருந்தது, என்னுடையதைவிட உயரமான டவரும் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் எல்லாவற்றையும் விற்றுவிட்டு இந்தப் பொந்துக்குள் வந்தார்கள். ஆண்பிள்ளை எவனும் தானாக டவரை இறக்க மாட்டான். காலைப் பேச்சில் நான் அதை மறைத்ததில்லை. 'ஜீனட் உன்னைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டாள்' என்று தட்டுவேன். 'அவள் பேச்சைக் கேட்டுக் குட்டிச்சுவராகிவிட்டாய்' என்பேன். அவனிடமிருந்து 'கிடைத்தது' என்பதற்கான ஓர் எழுத்தும், வெளியே எத்தனை டிகிரி, காற்று எந்தப் பக்கம் என்பதும் வரும். மென்று முழுங்குகிறான், பாவம் என்று நினைப்பேன்.

ஜனவரிக் கூட்டத்தில் அவனை நேராகவே மடக்கினேன். கூட்டம் எப்போதும் போல லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில். காட்டரிசி சூப் கிண்ணத்தோடு சுவரில் முதுகைச் சாய்த்து மூலையில் உட்கார்ந்திருந்தான். முன்பெல்லாம் மேஜைக்கு நடுவில் உட்கார்ந்து எல்லாரையும் கலாய்ப்பான்.

"எட்டு வினாடியில எப்படிடா மாத்துற?" என்றேன்.

சிரித்தான். தலையை ஆட்டினான். "ஆமா ஆமா" என்றான்.

"என்ன ஆமா? யாரோட டவர்டா அது?"

அவன் என் கண்ணைப் பார்க்கவே இல்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சூப் ஆறிப்போகிறது என்று சொல்லிக் குனிந்துகொண்டான். குற்றமுள்ள மனசு வேறெப்படி இருக்கும்? போன் பண்ணினாலும் எடுப்பதில்லை. எப்போதும் ஜீனட்தான் எடுத்து, "அவர் குளிக்கிறார் ஆல்டன்" என்பாள். ஒரு மனிதன் எத்தனை தடவைதான் குளிப்பான்?

கிளப் செயலாளர் மார்லிஸிடம் என் கணக்கை எல்லாம் கொட்டினேன்.

"நாப்பது வருஷ சிநேகிதம், ஆல்டன். யோசிச்சுக்கோங்க," என்றாள்.

"சிநேகிதம் வேற, திருட்டு வேற."

"நீங்க எழுத்துல குடுத்தா போட்டி முடிஞ்ச செவ்வாய்க்கிழமை ஓட்டுக்கு விட்டுத்தான் ஆகணும். நிரூபணம் ஆச்சுன்னா அவர் பேரு கிளப்லேருந்தே போயிடும். ஆகலேன்னா உங்க மூஞ்சியை எங்க கொண்டு வெச்சுப்பீங்க?"

"அதை நான் பாத்துக்கறேன்," என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஓரினைவிட நெருக்கமாக எனக்கு வேறு யாரும் இல்லை. மனைவி போன பிறகு ஒரு நாளில் நான் யாரோடாவது பேசுவது என்றால் அந்தக் காலை ஏழு மணிதான். என் சந்தேகம் சரியென்றால் அது போய்விடும். தப்பென்றாலும் போய்விடும்.

இந்த வருஷப் போட்டியன்று நான் ஆடவில்லை. சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அவர்கள் குடியிருப்பின் வண்டி நிறுத்தத்தில் என் டிரக்கைப் போட்டேன். மைனஸ் பத்தொன்பது. கையில் சின்ன ரேடியோவும், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு வளையமும். இந்த வளையத்தின் முகத்தைச் சிக்னல் வருகிற பக்கம் திருப்பினால் சத்தம் செத்துவிடும். எங்கே சாகிறதோ அங்கேதான் ஆள். ஓரினின் அழைப்புக் குறி கணீரென்று கேட்டது. டவர் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் இருக்கிற மலைப்பக்கம் திருப்பினேன். சத்தம் குறையவில்லை. கட்டடத்தின் பக்கம் திருப்பினேன். நாலாவது மாடிக்கு நேராக வந்ததும் சத்தம் அடங்கிப் போனது. வண்டி நிறுத்தத்தின் மறுகோடிக்குப் போய் மறுபடி பார்த்தேன். அதே நாலாவது மாடி.

இங்கிருந்தேதான் அனுப்புகிறான். ஆனாலும் எட்டு வினாடியில் அலைவரிசை மாறுகிறது. அப்படியென்றால் கூரைமேல் எங்கேயாவது ஆன்டெனாக் கம்பி ஒளித்திருக்கிறான் என்று என் மூளை உடனே வேறு கதை கட்டியது. விட மனசில்லை. மேலே ஏறினேன்.

கதவு தாழிடாமல் இருந்தது. உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் வந்ததால் கூப்பிடாமலே தள்ளிக்கொண்டு நுழைந்தேன்.

ரேடியோ மேஜையில் ஜீனட் உட்கார்ந்திருந்தாள். காதில் ஹெட்போன், வலது கை மோர்ஸ் தட்டுகிற சாவியில், இடது கை பென்சிலில். அவள் கையிலிருந்துதான் அந்தச் சுத்தமான மோர்ஸ் வந்துகொண்டிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், பால்கனியில், கனத்த கோட்டும் காது மூடிய தொப்பியுமாக ஓரின், வளையத்தின் அடியில் ஸ்டூல் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். ஜீனட் கண்ணாடியில் இரண்டு தட்டு தட்டி, மூன்றாவது அலைவரிசைக்கு மூன்று விரலைக் காட்டினாள். சத்தத்துக்கு அவன் அசையவில்லை. கண்ணோரத்தில் விரல் தெரிந்த பிறகுதான் குமிழைத் திருகினான். அவள் சாவியை அழுத்த, வளையத்தோடு கட்டியிருந்த சின்ன பல்ப் மங்கலாக இருந்து, குமிழ் பொருந்தியதும் பளிச்சென்று எரிந்தது. கட்டைவிரலை உயர்த்தினான். ஜீனட் அடுத்த அலைவரிசையில் கூப்பிட ஆரம்பித்தாள். எட்டு வினாடிகூட ஆகவில்லை.

அப்போதுதான் என்னைப் பார்த்தாள். ஹெட்போனைக் கழற்றினாள்.

"அவருக்குக் காது போயி ரெண்டரை வருஷம் ஆச்சு, ஆல்டன். வலது சுத்தமா இல்ல. இடதுல ஏதோ கரகரன்னு கேக்குமாம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எல்லாரையும் விட உங்ககிட்டதான் சொல்லக் கூடாதுன்னாரு. ரேடியோக்காரனுக்குக் காது போச்சுன்னா மிச்சம் என்ன இருக்குன்னு ஒரு தடவை நீங்க யாரையோ சொன்னீங்களாம்."

சொல்லியிருப்பேன். என் வாய் அப்படிப்பட்டது. ஆனாலும் என் மண்டைக்குள் இருந்த போலீஸ்காரன் இன்னும் உட்காரவில்லை.

"ரெண்டு பேர் சேந்து ஆடுறீங்க. அவன் பேருக்குத் தனி ஆள்னு போட்டு..."

"யார் போட்டா? நான் இங்க குடி வந்ததுமே பரீட்சை எழுதி லைசன்ஸ் வாங்கிட்டேன். போன வருஷமும் ரெண்டு பேர்னுதான் குடுத்தோம், என் பேரும் இருக்கு. பட்டியலோட முதல் வரியைப் படிச்சீங்களா?"

படிக்கவில்லை. நேரக் கட்டத்துக்கு நேராகப் பாய்ந்தவன் நான். முகம் சுட்டது. அதற்குள் இன்னொன்று உறைத்தது.

"அப்ப... காலைல ஏழு மணிக்கு?"

"நான்தான் கேட்டு எழுதித் தருவேன். அவர் படிச்சுட்டுக் கீழே பதில் எழுதுவாரு. நான் அனுப்புவேன்."

"நான் சொன்னது எல்லாத்தையும் எழுதினியா, ஜீனட்? உன்னைப் பத்தி..."

"வந்த செய்தியை வந்தபடியே குடுக்கணும், ஒரு எழுத்தும் மாத்தக் கூடாதுன்னு அவர்தானே எனக்குச் சொல்லிக் குடுத்தாரு. எழுதினேன்."

மேஜையில் கிடந்த நோட்டை நானே எடுத்தேன். அவளுடைய அழகான சின்ன எழுத்தில் என் வார்த்தைகள். 'ஜீனட் உன்னைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டாள்.' அவளே எழுதியிருந்தாள். கீழே ஓரினின் கொட்டை எழுத்து. டிகிரியும் காற்றும் அங்கே இல்லை. 'வீட்டை விற்றது நான். அவள் வேண்டாம் என்று அழுதாள். டவர்மேல் நின்றபோது கீழேயிருந்து அவள் கத்தியது எனக்குக் கேட்கவில்லை, விழப் பார்த்தேன், அதனால் விற்றேன். அவளைப் பற்றி இன்னொரு வார்த்தை பேசினால் இனி என்னைக் கூப்பிடாதே.' தேதி பார்த்தேன். போன வருஷத்துக்கு முந்தின நவம்பர். அன்று எனக்கு வந்தது, 'கிடைத்தது. காற்று வடமேற்கு.'

"இதை நீ அனுப்பல," என்றேன்.

"அனுப்பல." கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் கலங்கவில்லை. "அவருக்கு இருக்கிற ஒரே சிநேகிதன் நீங்க. அனுப்பியிருந்தா மறுநாள் நீங்க கூப்பிட்டிருக்க மாட்டீங்க. நான் அனுப்பாதது அவருக்குத் தெரியாது. தயவுசெஞ்சு..."

பால்கனிக் கதவு இழுபட்டது. பல்ப் ஏன் எரியவில்லை என்று பார்க்க ஓரின் உள்ளே வந்தான். மீசையில் பனி. என்னைப் பார்த்தான், என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தான், திறந்திருந்த பக்கத்தையும் பார்த்தான்.

"பதினஞ்சு மாசம் ஆச்சு," என்றான், காது கேளாதவர்கள் பேசுகிற உரத்த குரலில். "பேசாதேன்னு சொன்னேன். மறுநாளே கூப்புட்டு அதையே பேசின. அதுக்கு மறுநாளும் பேசின. அவ கையாலேயே எழுத வெச்ச. உனக்கு வெக்கமே இல்லையாடா? சிநேகிதம்னு சகிச்சுக்கிட்டேன், நாப்பது வருஷம்னு சகிச்சுக்கிட்டேன். நீ என்னை மனுஷனாவே மதிக்கல இல்ல?"

அவனுக்குப் பின்னால் ஜீனட் ஹெட்போனை மார்போடு அணைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

'எனக்கு அந்தச் செய்தி வரவே இல்லை' என்ற ஒரு வரி போதும், நான் தப்பித்துவிடலாம். அது உண்மையும்கூட. வாழ்க்கை முழுக்க அடுத்தவன் பொய்யைத் துருவித் துருவிப் பிடித்தவன் நான். இன்று கையும் களவுமாகப் பிடித்த ஒன்றை நானே மூடி மறைக்கப் போனேன். பென்சிலை எடுத்தேன். அவனுடைய கொட்டை எழுத்துக்குக் கீழே எழுதினேன்: 'அன்றைக்கே கிடைத்தது. திமிரில் பேசினேன். மன்னித்துக்கொள்.'

ஓரின் இரண்டு தடவை படித்தான். பென்சிலை என் கையிலிருந்து பிடுங்கி மேஜையில் போட்டான்.

"எனக்கு எதுக்கு எழுதுற?" என்றான். "அவளுக்குக் காது கேக்குது இல்ல. அவகிட்ட வாயால சொல்லு."

ஜீனட்டின் பக்கம் திரும்பினேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான், ஒரு வார்த்தையும் விட்டுப்போகாமல் இருக்க.